ஆடி மாதத்தில் பனி விழுந்த சிவப்புப் பெட்டி

என் தங்கச்சி வசந்திக்கு,

நீ எங்கே இருந்தாலும் காலை நீட்டி இருந்து ஆறுதலாக வாசி. நான் கதை சொல்லத் தொடங்கினால் பாதியில் எழும்பிப் போகிற ஆள் நீ. இந்த முறை கடைசி வரைக்கும் இரு.

இன்று காலைதான் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கொழும்பில் ஏறிய பஸ் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டும்போது பொழுது வெளித்துவிட்டது. பக்கத்தில் இருந்த மனிசி என் பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலையத் துண்டைப் பார்த்துவிட்டு, "லண்டனில இருந்தா கா வாறீங்க? ஆரப் பாக்கப் போன?" என்று கேட்டாள். "தங்கச்சிய" என்றேன். "சுகமா இரிக்காவா?" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாசி மாதத்தில் இருந்து சொல்லிச் சொல்லி அந்த ஓம் எனக்குப் பழகிவிட்டது.

அம்மா வாசல் கடப்படியில் நின்றா. என் முகத்தைப் பார்த்தா, பிறகு எனக்குப் பின்னால் பார்த்தா. நீயும் கூட வந்திருப்பாய் என்று ஒரு நப்பாசை இருந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும்தானே: பயணம் வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு சோறு, பிறகு நித்திரை, கதை எல்லாவற்றுக்கும் பிறகு. குளித்தேன். மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டேன். பாயை விரித்துத் தந்து, "கொஞ்சம் கண்ணயரு புள்ள, பின்னேரம் கதைப்பம்" என்று சொல்லிவிட்டு வளவுக்குப் போய்விட்டா.

நான் கண்ணயரவில்லை. பாயில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பின்னேரம் அம்மா வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறா. அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ செத்துப்போனதை அம்மாவிடம் சொல்வதில்லை என்று உனக்கு வாக்குத் தந்தேன். அந்த வாக்கை இன்றைக்கு மீறப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து நீ கடைசியாக என்னோடு கதைத்தது நினைவிருக்கிறதா? "அக்கா, அம்மாக்குச் சொல்லாதீங்க" என்றாய். "அவவுக்குக் காது கேக்கா. மெல்லமாச் சொல்ல ஏலா, நீங்க கத்தித்தான் சொல்லணும். என்ட சாவ உங்களால கத்திச் சொல்ல ஏலுமா?"

"ஏலா" என்றேன்.

"அப்ப விடுங்க" என்றாய். கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லிவிடுகிற மாதிரித்தான் நீ சொன்னாய். நானும் அப்படியே ஓம் என்றேன்.

நீ சொன்னது சரிதான். அம்மாவின் இடது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் ஏதாவது உள்ளே போகும். அந்தக் கத்தல் ஒழுங்கை முனைக் கடை வரைக்கும் கேட்கும். நீ அனுப்பிய காது மெசின் இன்னும் அலுமாரியில்தான் கிடக்கிறது. வண்டு குடைகிற மாதிரி இருக்கிறதாம். மருந்து குடித்தீர்களா என்று நான் கேட்பதும் ஊருக்குத் தெரியும், வயிறு போனதா என்று கேட்பதும் ஊருக்குத் தெரியும். அப்படியொரு காதுக்குள் உன் பெயரையும் சாவையும் சேர்த்து எந்தக் குரலில் கத்துவது?

அதனால் ஊரே சேர்ந்து மறைத்தோம். அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது. சனம் வந்து அம்மாவுக்கு முன்னாலேயே இருந்து, "என்ன நோயாம் கா? எத்தின நாள் கிடந்தாவாம்?" என்று கேட்டது. அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துச் சிரித்துக்கொண்டு இருந்தா. கடப்படியில் செத்தவீட்டு வெள்ளைக் கொடி இல்லை. உன் சடங்கை உன் மனிசன் சேகர் அங்கே செய்து முடித்தார். இங்கே வீட்டில் அன்றைக்கும் வழக்கம்போல மீன் வெட்டினோம்.

காது கேளாதவளுக்குக் கண் கூர்மை. என் கண் சிவந்திருந்தால் அம்மா பிடித்துவிடுவா. அதனால் முதல் நாளே அழுகையை அடக்கினேன். அடுத்த நாள் தபாற் கந்தோருக்குப் போய் என் இடத்தில் இருந்து முத்திரை குத்தினேன். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போனால் ஏன் நேரத்தோடு வந்தாய் என்று அம்மா கேட்பா. பிறகு ஒருநாள் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், இப்போது அழலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்து பார்த்தேன். வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை வசந்தி. பல்லுக் கொதிக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் விறைத்துக் கிடக்குமே, அப்படிக் கிடக்கிறது.

உன் சிவப்புப் பெட்டிகள் எங்களுக்கு நல்ல உதவி செய்தன. அவை இல்லாவிட்டால் ஒரு கிழமைகூட மறைத்திருக்க முடியாது.

நீ கலியாணம் முடித்து அங்கே போன புதிதில் வீட்டில் போன் இல்லை. பிரதான வீதியில் இருந்த கொமினிகேசன் கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்த்துக்கொண்டு இருந்துதான் உன் அழைப்பை எடுப்பா. அப்போது அம்மாவுக்குக் காது நல்லாக் கேட்கும். "எங்க நிண்டு கதைக்காய்?" என்று கேட்டா. ரோட்டோரத்தில் ஒரு சிவப்புப் பெட்டிக்குள் நின்று என்று சொன்னாய். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. ரோட்டில் அலுமாரி வைத்து அதற்குள் ஆளை விட்டுப் பூட்டுகிற நாடு என்று நினைத்துக்கொண்டு, "கதவு திறக்குமா புள்ள? உள்ளுக்க அம்பிட்டா ஆரு வந்து திறக்கிற?" என்று அழுதா. வெளியில் நின்ற நான் சிரித்தேன்.

அதற்குப் பதிலாகத்தான் நீ முதல் படத்தை எடுத்துத் தபாலில் அனுப்பினாய். சிவப்புப் போன் பெட்டி, பாதி திறந்த கதவு, கதவைப் பிடித்து இழுத்தபடி உன் இடது கை, கையில் மெல்லிய காப்பு. முகம் இல்லை. பின்பக்கத்தில், 'கதவு திறக்கும் அம்மா' என்று எழுதியிருந்தாய். அம்மா அந்தப் படத்தைச் சாமி அறையில் வைத்தா. சாமிப் படங்களுக்கு நடுவில் போன் பெட்டி இருந்த வீடு ஆரையம்பதியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு அது உனக்கும் சேகருக்கும் பைத்தியமாகிப் போனது. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு பெட்டி தேடிப் போனீர்கள். கடலோரத்துப் பெட்டி, கோயில் மதிலோரத்துப் பெட்டி, ஸ்கொட்லாந்தில் தலையில் வேறு மாதிரிக் கிரீடம் வைத்த பெட்டி. எல்லாவற்றிலும் பாதிக் கதவும் உன் கையும். அம்மாவின் காது மெல்ல மெல்ல அடைபட்டபோது அந்தப் படங்கள்தான் உன் பேச்சாகின. ஞாயிற்றுக்கிழமை என் மகள் துவாரகாவின் போனுக்கு ஒரு பெட்டி வரும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கையைத்தான் பார்ப்பா. "கை கொஞ்சம் தடிச்சிரிக்கு, நல்லாச் சாப்பிடுறா போல" என்பா. ஒரு படம் வந்தால் நீ சுகம். அவ்வளவுதான் கணக்கு.

நோய் வந்து தலைமுடி கொட்டியதும் போனின் முன் கமரா பழுது என்று சொல்லி நீ வீடியோவில் முகம் காட்டுவதை நிற்பாட்டினாய். படங்கள் மட்டும் வந்தன. அந்தப் படங்களில் பாதி பழைய படங்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மறைக்கிற வேலையை நீயே தொடங்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

நீ போன பிறகு உன் போனைத் திறக்கச் சேகருக்கு மனம் வரவில்லை. கணினியில் கிடந்த பெட்டிப் படங்களை எல்லாம் துவாரகாவுக்கு அனுப்பிவிட்டு, "அக்கா, நீங்களே பாத்துக் காட்டுங்க" என்றார். ஞாயிறு வந்தால் ஒன்றைத் தேர்ந்து காட்டுவோம். நல்ல வெளிச்சமாக இருப்பதைப் பார்த்து எடுப்போம். சித்திரை போனது, வைகாசி போனது. அம்மா கையைப் பார்த்துச் சந்தோசப்பட்டா.

ஆடி மாதத்தில் அந்தப் படத்தைக் காட்டினோம். பெட்டியின் தலையில் பஞ்சு வைத்த மாதிரிப் பனி, சுற்றிவர வெள்ளை, நடுவில் சிவப்பு. உள்ளதற்குள் வடிவான படம் அதுதான். அம்மாவுக்கு ஆசையாக இருக்கும் என்று நானும் துவாரகாவும் அதைத் தேர்ந்தோம். எங்களுக்குத் தெரிந்தது மாரியும் கோடையும் மட்டும்தானே. ஆடி மாதத்தில் அங்கே என்ன காலம் என்று எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஓடவில்லை. நீ இத்தனை வருடம் கிழமைக்குக் கிழமை வானத்தைப் பற்றிச் சொல்லியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அம்மா.

படத்தைக் கனநேரம் பார்த்தா. "ஆடி மாசத்தில அங்க ஆருக்குப் பனி கொட்டுது?" என்றா. பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பயமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அம்மா தானாகவே கண்டுபிடித்தால் நான் கத்தத் தேவையில்லைதானே. ஆனால் அம்மா கண்டுபிடித்தது வேறொன்று. ஒரு கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னா: "அவ பழைய படமா அனுப்புறா. முகத்தையும் காட்டுறா இல்ல. என்னோட கோவம் புள்ள அவவுக்கு."

"என்னத்துக்கு அம்மா கோவம்?" என்று காதுக்குள் கத்தினேன்.

"மரத்த வெட்டின நான்தானே" என்றா.

நாங்கள் இருக்கிற உன் வீட்டு முற்றத்து மாமரம். போன மார்கழி மழைக்கு ஓட்டுக்கு மேல் சாய்ந்துவிட்டது என்று ஆளைப் பிடித்து அம்மா வெட்டுவித்தா. வெட்டிய பிறகுதான் துவாரகாவைக் கொண்டு உனக்குப் படம் அனுப்புவித்தா. எங்கள் ஊர் வழக்கப்படி தாய்வீடு கடைசிப் பெண்ணுக்கு. கலியாணத்தோடு உனக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் தான் காவலுக்கு இருக்கிற ஆள் என்றுதான் அம்மா எப்போதும் சொல்லுவா. "அது அவட வளவு, அவட மரம். கேக்காம வெட்டினது என்ட பிழை. அதுக்குப் பிறகுதான் புள்ள இப்பிடி" என்றா. நாளைக் கூட்டிப் பார்த்தால் அம்மாவுக்குச் சரியாகத்தான் வந்தது. மரம் விழுந்து கொஞ்ச நாளில் நீயும் போய்விட்டாய்.

அதில் இருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஆர் வந்தாலும் உன் கோபத்தைப் பற்றித்தான் கதை. ஊர்ச் சனம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டது. உண்மை தெரிந்த அத்தனை பேருக்கும் நடுவில் இருந்து, பிள்ளை என்னை வெறுத்துவிட்டாள் என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டிருந்தா. நாங்கள் அவவுக்கு மிச்சம் வைத்தது அதுதான் வசந்தி. செத்த பிள்ளையை நினைத்து அழ விடாமல், உயிரோடு இருக்கிற பிள்ளை தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்து அழ வைத்திருக்கிறோம். இதில் எது பெரிய நோவு? உனக்குப் பிள்ளை இல்லை, எனக்கு ஒருத்தி இருக்கிறாள். எனக்குத் தெரியும்.

உன் செத்தவீட்டுக்கென்று கேட்ட விசா அப்போதுதான் வந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் கத்தினேன். வாவி இறாலைக் காய வைத்துப் பொதி கட்டித் தந்தா. புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவட கோவத்தக் கேட்டித்து வா மனே. என்ன சொன்னாலும் ஒளிக்காம எனக்கு வந்து சொல்லு" என்றா. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் விமானத்தில் ஏறினேன். பெட்டியை விட அதுதான் பாரம்.

சேகர் மெலிந்துவிட்டார். பெரியகல்லாற்று ஆள், கதையும் பகிடியுமாக இருந்த மனிசன், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். இறால் பொதியைப் பிரித்து மணந்துவிட்டு மூடி வைத்தார். உன் உடுப்புகள் அப்படியே தொங்குகின்றன. நான் உன் கட்டிலில் படுத்தேன், உன் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தேன். எல்லாம் ஒரு கடமை மாதிரி நடந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "வாங்க அக்கா, அவ போன இடமெல்லாம் காட்டுறன்" என்று காரை எடுத்தார்.

உன் பெட்டிகளைப் பார்த்தேன் வசந்தி. பாதிக்கு மேல் போனே இல்லை. ஒன்றில் புத்தகங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள், ஊரார் எடுத்து வாசித்துவிட்டுத் திருப்பி வைப்பார்களாம். இன்னொன்றில், மாரடைத்து விழுந்தவருக்கு மின்சாரம் கொடுத்து எழுப்புகிற மெசின் தொங்கியது. ஒன்றில் பூஞ்சாடி. ஹல் என்கிற ஊரில் பெட்டிகளுக்குச் சிவப்பே இல்லை, பால் நிறம், தலையில் கிரீடமும் இல்லை. முன்பு நீ அதை அனுப்பியபோது அம்மா, "இதுக்கு ஆரு வெள்ளை அடிச்ச? செத்தவீடா?" என்று கேட்டு, படத்தை அழிக்கச் சொன்னது நினைவு வந்தது. சேகர் காரை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் போய் அதற்கு முன்னால் நின்றுவிட்டு வந்தேன். மழை தூறியது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

சேகர் ஓட்டிக்கொண்டே சொல்லுவார்: "இந்த வளைவுக்குள்ள ஒண்டு இரிக்கு எண்டு காரத் திருப்ப வச்சவ." "இந்த இடத்தில ரெண்டு பேரும் சண்டை. பசிக்குது, பெட்டி வேணா எண்டு நான் சொன்ன." வடக்கே யோர்க்ஷயர் மலைப்பக்கம், கல் மதிலும் செம்மறி ஆடுமாக இருந்த ஒரு சின்ன ஊரில் காரை நிறுத்தினார். அங்கே இருந்த பெட்டிக்குள் போன் இன்னும் வேலை செய்தது. எடுத்துக் காதில் வைத்தேன். இரைந்தது. அக்கா அதற்குள் நின்று உன்னோடு கதைத்திருப்பாள் என்று நீ நினைப்பாய். இல்லை, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. திருப்பி வைத்துவிட்டேன்.

அங்கே வைத்துத்தான் அந்த யோசனை வந்தது. முதலில் சொன்னது நான். உன் காப்பை அதற்கு முதல் நாள் சேகர் எனக்குத் தந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு, உன் போனால், பாதிக் கதவோடு புதிதாக ஒரு படம் எடுப்போம் என்றேன். மரத்தில் இலை பழுத்துக்கொண்டு இருந்தது, காலமும் சரி. அம்மாவுக்கு அது புதுப் படம். கோபம் தீர்ந்தது என்று நினைப்பா. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். சேகர் காருக்குள் இருந்து உன் போனை எடுத்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக, திறந்து என் கையில் தந்தார்.

கதவு பாரம். இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். பார்த்தால் உன் கை. அதே வளைந்த சுண்டுவிரல், இரண்டு பேருக்கும் அம்மா தந்தது. எனக்கே ஒரு கணம் நீதான் என்று பட்டது. உன் கண்ணே ஏமாந்துபோகிற மாதிரி வந்திருந்தது.

அனுப்பப் போகிற நேரம் உன் போன் கையில் அதிர்ந்தது. துவாரகாவின் இலக்கத்தில் இருந்து உனக்கு வந்து காத்துக் கிடந்த படங்கள், ஒன்றன் பின் ஒன்றாக.

அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைப் படங்கள். உன் வீட்டு முற்றத்தில், வெட்டிய மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஒட்டு மாங்கன்று. முதல் படத்தில் நட்ட ஈரம் காயவில்லை. அடுத்ததில் சுற்றிவர ஆட்டுக்கு வேலி. பிறகு ஒரு செந்தளிர். கடைசிப் படத்தில் அந்தத் தளிர் பச்சையாகி இருந்தது. எல்லாவற்றிலும் அம்மா கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு, கன்றுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறா. இடது கையால் கன்றைத் தொட்டுக்கொண்டு. நீ கதவைப் பிடிக்கிற மாதிரியே.

கன்று நட்டது எனக்குத் தெரியும், உனக்குப் படம் அனுப்பியது தெரியாது. துவாரகா என்னிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு அடித்தாள். "அம்மா, சின்னம்மாட போன நீங்களா திறந்த? இங்க நீலம் விழுந்திட்டு. அம்மம்மா பாத்தித்தா." நீலக் கோடு விழுந்தால் பார்த்துவிட்டார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். "பக்கத்து வீட்டுக்குப் போய், பாத்திட்டா, என்ட புள்ள பாத்திட்டா எண்டு சொல்லித்து வந்தவ. இப்ப போனத் தரமாட்டாவாம். பதில் வருமாம்."

அடுத்த நாள் காலையில் திரும்ப எடுத்தாள். அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாவாம். சாப்பாட்டுக்கும் எழும்பவில்லையாம். கடைசியில் போனை நீட்டி, "பாத்தும் பேசல்ல. இன்னும் ஆறல்ல போல" என்று சொல்லிவிட்டுப் படுத்தாவாம்.

நான் எடுத்த அந்தப் படத்தை அனுப்பவில்லை. சேகருக்குக் காட்டி, அவருக்கு முன்னாலேயே அழித்தேன். மாமரக் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "மரம் வெட்டின படத்த அவவுக்கு நான்தானே காட்டின" என்றார்.

"எங்க வச்சு?"

"ஆஸ்பத்திரில. பாத்தித்துச் சிரிச்சா அக்கா. அண்டைக்குத்தான் கடைசியாச் சிரிச்ச. சின்னனில அந்த மரத்தில ஏறினா முசுறு எறும்பு கடிச்சி உடம்பெல்லாம் வீங்குமாமே. 'சனியன் ஒழிஞ்சிது, அம்மா நல்ல வேலை செஞ்சா' எண்டு சொன்னா. பதில் போடுறன் எண்டு போன எடுத்தவ, கை நடுங்கிச்சு. பிறகு போடுவம் எண்டு வச்சா."

பிறகு போடுவோம் என்று வைத்தது. அவ்வளவுதான். அம்மா இத்தனை மாதமாகத் தேடிய பதில் உன்னிடம் இருந்திருக்கிறது. கேட்டுவரச் சொன்ன கோபத்துக்கு நான் பதில் கொண்டுவந்திருக்கிறேன் வசந்தி, உண்மையான பதில், உன் வாயால் சொன்னது. ஆனால் அதை எப்படிக் கொடுப்பது? கோபம் இல்லை என்றால் ஏன் பேசவில்லை என்று அடுத்ததாகக் கேட்பா. ஒரு மனிசி மற்ற மனிசியோடு கோபம் இல்லாமலே பேசாமல் இருப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது.

அதனால்தான் வாக்கை மீறுகிறேன். நீ ஏசுவாய். ஏசு. நோயில் கிடந்தபோதும் அம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தாய், அது எனக்கு விளங்கும். எதில் இருந்து காப்பாற்றினோம், எதற்குள் தள்ளினோம் என்று நீ இங்கே இருந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கத்துவதைப் பற்றி விமானத்திலும் யோசித்தேன், பஸ்ஸிலும் யோசித்தேன். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்ற அலுமாரியைத் திறந்தபோதுதான் வழி தெரிந்தது. மாசி மாதம் செய்தி வந்த அன்று உனக்காக எடுத்து, அம்மா காணக்கூடாது என்று உடுக்காமல் அடியில் ஒளித்த வெள்ளைச் சேலை அப்படியே மடிப்போடு கிடக்கிறது. அதை எடுத்துப் பாயில் எனக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இது உனக்கு நான் தருகிற புது வாக்கு. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அந்தச் சேலையை உடுப்பேன். தலைமுடியை அவிழ்த்து விடுவேன். உன் காப்பு கையில் இருக்கும். பின்பக்கத்தால் போய் மாங்கன்றுக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு முன்னால் நிற்பேன். உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள் வெள்ளை உடுத்து முடியை விரித்து நின்றால், ஆர் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். உன் சாவை நான் கத்த மாட்டேன். அந்த ஒன்றில் நீ சொன்னபடிதான் நடப்பேன்.

பிறகு அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இடது காதுக்குள் வாயை வைத்து, ஒழுங்கை முனைக் கடை வரைக்கும் கேட்கக் கத்துவேன்: "வசந்திக்கு உங்களோட கோவம் இல்லம்மா. மரத்த வெட்டினது நல்லம் எண்டு சிரிச்சவ. முசுறு கடிக்குமாம்."

அப்போது எனக்கு அழுகை வருமா, வராதா? தெரியாது. வந்தால் இனி மறைக்க வேண்டியதில்லை.

முற்றத்தில் வாளியை வைக்கிற சத்தம் கேட்கிறது. எழும்புகிறேன்.

உன் சொல்லை ஒருமுறை மட்டும் தட்டுகிற,
உன் கூடப்பிறந்த அக்கா